குருநகர் நண்டுச் சதையில் குற்றமில்லை

மாத முடிவோடு தொழிற்சாலையை மூடப்போவதாக மனேஜர் றஞ்சித் சொன்னபோது, றெஜினாவுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. பெற்றோலுக்கு ஊரே வரிசையில் நின்ற வருடம் அது.

குருநகரில் நண்டுச் சதை பிரித்து வெளிநாட்டுக்கு அனுப்பும் அந்தத் தொழிற்சாலையில் கடைசிப் பார்வை றெஜினாவுடையது. மற்றப் பெண்கள் பிரித்துத் தரும் சதையை நீல விளக்கின் கீழே பரப்பி, விரல் நுனியால் தடவி, ஓட்டுத் துண்டு எதுவும் இல்லை என்று அவள் தலையாட்டினால்தான் தகரப் பேணியில் அடைப்பார்கள். அந்தச் சம்பளத்தில்தான் மகள் உடுவில் பள்ளிக்கூடத்தில் படித்தாள். கணவன் எமில்ராஜின் படகு மண்ணெண்ணெய் இல்லாமல் கரையில் கிடந்தபோது வீட்டில் உலை கொதித்ததும் அதனால்தான்.

எங்கேயோ ஒரு துண்டு தன் கண்ணுக்குத் தப்பிப் போய், வெளிநாட்டு முதலாளிமாரின் மனம் முறிந்துவிட்டது என்று அவள் முடிவு கட்டினாள். பார்த்த சதையையே திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

"என்ன மச்சாள், நண்டுக்குப் பேன் பாக்கிறியோ?" என்றாள் பக்கத்து மேசை ஸ்ரெல்லா.

றெஜினா சிரிக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு றஞ்சித்தின் அறைக்குப் போனாள்.

"தம்பி, ஒளிக்காமல் சொல்லுங்கோ. எந்தப் பேணியிலை ஓடு கிடந்தது?"

"ஓடோ? ஒரு முறைப்பாடும் இல்லை அக்கா. உங்கடை சதைக்கு அங்கை நல்ல பேர்."

"அப்ப ஏன் போகினம்?"

"இந்த நாட்டிலை காசை விட்டுவைக்கப் பயப்பிடுகினம். ரூபாய் விழுந்திட்டுது. அரசாங்கம் கடன் கட்டேலாது எண்டிட்டுது. எல்லாரும் காசை எடுக்கினம், இவையும் எடுக்கினம்."

"நண்டு டொலருக்குத்தானே போகுது? டொலர் ஏறினால் அவைக்கு லாபமெல்லோ?"

றஞ்சித் பேனையை மேசையில் உருட்டினான். "ஓம். உது எனக்கும் வடிவா விளங்கேல்லை அக்கா."

"இன்னும் கவனமாப் பாக்கிறம், ஒரு ஆறு மாதம் பொறுக்கச் சொல்லுங்கோவன்."

"இது நீங்கள் பாக்கிறதிலை தங்கின விசயம் இல்லையக்கா. மாதம் முடிஞ்ச கையோடை மெசினைக் கழட்ட வருகினம்."

மேசைக்குத் திரும்பியவளை ஸ்ரெல்லா ஏறிட்டுப் பார்த்தாள். "என்னவாம்?"

"எங்களிலை பிழை இல்லையாம்."

"அப்ப மூடமாட்டினம்?"

"மூடுகினம்."

பகிடி என்று நினைத்து ஸ்ரெல்லா சிரித்தாள். றெஜினாவின் முகத்தைக் கண்டதும் சிரிப்பு நின்றது.

"ஒரு துண்டு ஓடு கிடந்திருந்தால் திருத்தியிருப்பன் மச்சாள்," என்றாள் றெஜினா. "இதிலை எதைத் திருத்துறதெண்டு எனக்குத் தெரியேல்லை."