பதினான்கு பேருக்கு ஒரே விரல்

எங்கள் வீட்டில் படித்துக்கொண்டிருந்தது இரண்டு பேர். நான் நான்காம் வகுப்பு. அம்மா மருத்துவக் கருவிகளைப் பற்றிய மேல்படிப்பு. டீச்சர் என்னை அடித்தால் அம்மா போய்க் கேட்பாள். அம்மாவைப் பேராசிரியர் திட்டினால் போய்க் கேட்க யாருமில்லை. திருப்பூருக்கு வேலைக்குப் போன அப்பா, அங்கேயே இன்னொரு குடும்பத்துக்கு அப்பாவாகிவிட்டார். ஒண்டியாகப் பிள்ளை வளர்க்கிறவளுக்கு எதற்கு இந்த வயதில் படிப்பு என்று எங்கள் ஏற்காட்டில் பேசினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது.

வார நாட்களில் அம்மா ஓர் ஆஸ்பத்திரியில் இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டாள். சனிக்கிழமை விடிவதற்குள் ஒண்டிக்கடை ஸ்டாப்பில் பஸ் ஏறி, சேலத்துக் கல்லூரிக்குப் போய்விடுவாள். ஞாயிறு எனக்கு என்று வாக்குக் கொடுத்திருந்தாள். அதையும் ஒரு கிளிப் பிடுங்கிக்கொண்டது.

விரலில் மாட்டினால் நாடித்துடிப்பையும் ரத்தத்திலுள்ள ஆக்சிஜனையும் சொல்லும் கிளிப். கடையில் கிடைப்பது, காப்பிப் பழம் பறித்துக் காய்த்துப்போய், குளிரில் விறைத்த விரல்களில் சரியாகக் காட்டாது. அந்த விரல்களுக்கென்றே ஒன்று செய்வதுதான் அம்மாவின் ஆராய்ச்சி. ஞாயிறுதோறும் என்னையும் இழுத்துக்கொண்டு கரடியூர்ப் பக்கம் எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குப் போவாள். அவள் செய்த கிளிப்பும் பாதி விரல்களில் முரண்டு பிடித்தது. முரண்டு பிடிக்கப் பிடிக்க ஞாயிறுகள் கூடிக்கொண்டே போயின.

மார்கழியில் ஒரு ஞாயிறு. கிளிப்புக்குள் இருக்கும் விளக்கை அந்த வாரம்தான் மாற்றியிருந்தாள். அளக்க இன்னும் பதினான்கு பேர் பாக்கி. புதன்கிழமை பேராசிரியர்கள் முன்னால் எல்லாவற்றையும் காட்டவேண்டும். நாங்கள் போய் உட்கார்ந்ததுமே ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ஆபரேஷன் அறையில் ஏதோ இயந்திரம் நின்றுவிட்டதாம். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் தன் பைக்கில் கொண்டுபோய் விடுகிறேன் என்றார். அம்மா என்னையும் கிளிப்பையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கண்ணு, ஒவ்வொருத்தரு வெரல்லயும் மாட்டு. பச்சை வெளிச்சம் வந்தா பட்டனை அமுக்கு, பதிஞ்சுக்கும். வரலைன்னா பேருக்கு நேரா கோடு போடு. வராததும் எனக்கு வேணும் சாமி, அவசரப்படாதே."

முதல் மூன்று பேருக்கும் பச்சை வரவில்லை. நாலாவதாக வந்த அக்கா கையைச் சேலையில் தேய்த்துத் தேய்த்து நீட்டினார். "எங்க வெரலு மரக்கட்டைங் கண்ணு. அதுல எங்க வெளிச்சம் போவுது?" என்று சிரித்தார். அவருக்கும் வரவில்லை. கோடு கூடினால் ஞாயிறும் கூடும் என்று எனக்குக் கணக்குத் தெரியும். சும்மா என் விரலில் மாட்டிப் பார்த்தேன். கண் சிமிட்டுவதற்குள் பச்சை.

"போதுங்க, எல்லாரும் போலாம்" என்று பெரிய டாக்டரைப் போலச் சொல்லி அனுப்பினேன். குளிரில் நின்றவர்களுக்குக் கசக்குமா? போய்விட்டார்கள். போட்ட கோடுகளை அழித்துவிட்டு, பதினான்கு முறை பட்டனை அமுக்கினேன்.

மத்தியானம் அம்மா வந்து பார்த்தாள். பதினான்கும் பச்சை. அப்படியே படியில் உட்கார்ந்து அழுதாள். "தேறிட்டோம் கண்ணு" என்றாள். அம்மா சந்தோஷத்தில் அழுது நான் பார்த்தது அன்றுதான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

புதன்கிழமை எனக்குச் சளி. விட்டுப்போக ஆளில்லாமல் என்னையும் கல்லூரிக்குக் கூட்டிப்போய்க் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தாள். கண்ணாடி போட்ட பேராசிரியர் தாளைப் புரட்டிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார்.

"ஏம்மா, இந்தப் பதினாலு பேருக்கும் நாடி ஒரே மாதிரி இருக்கே. அதுவும் சின்னக் குழந்தைக்கு இருக்கற மாதிரி. யாரு எடுத்தது?"

அம்மா தாளை வாங்கிப் பார்த்தாள். எனக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் மணிக்கட்டைப் பிடித்து எண்ணியவள் அவள். அந்த எண் யாருடையது என்று அவளுக்கா தெரியாது? திரும்பி என்னை ஒரே ஒரு தரம் பார்த்தாள்.

"நான்தானுங்க சார்."

பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று சொன்ன அம்மாவே இத்தனை பேர் முன்னால் பொய் சொல்கிறாளே என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவர்கள் என்னென்னவோ பேசினார்கள். ஏமாற்று என்ற சொல் மட்டும் இரண்டு தரம் காதில் விழுந்தது. அன்று நான் எழுந்து நின்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

பஸ் மலை ஏறும்போதுதான் கேட்டாள். "எந்த வெரலு கண்ணு?"

காட்டினேன். திட்டப்போகிறாள் என்று பார்த்தால், அந்த விரலைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். ஊர் வரும்வரை விடவில்லை.

அடுத்த ஞாயிறு அம்மா எங்கும் கிளம்பவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் கிளம்பவில்லை. சனிக்கிழமை கல்லூரிக்குப் பஸ் ஏறுவதும் நின்றுபோனது. "இனிமே சனி ஞாயிறெல்லாம் எங்கம்மா ஊட்லயேதான் இருப்பாங்க" என்று பக்கத்து வீடுகளுக்கெல்லாம் ஓடி ஓடிச் சொன்னேன். அந்த இரண்டாவது ஞாயிறு சாயங்காலம் ஏரிக்குப் போய், இரண்டு பேரும் மிதிபடகில் ஏறினோம். நான் கத்திக்கொண்டே மிதித்தேன். அம்மா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, கரை வந்து சேரும்வரை ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்குத் தண்ணீரைப் பார்க்க இவ்வளவு பிடிக்கும் என்று தெரிந்திருந்தால் முன்னாடியே கூட்டி வந்திருக்கலாமே என்று நான் நினைத்துக்கொண்டேன்.