காதில் விட்ட எண்ணெய்

என் மகளுக்கு ஒன்பது வயது. நாங்கள் கடலை அண்டிய ஓர்ஸ் ஹில்லில் வசிக்கிறோம். போன வருடம் பாடசாலையில் பெற்றோரைக் கூட்டிப் பேசிய ஆஸ்பத்திரித் தாதி, "பிள்ளையின்ரை காதாலை சீழ் வந்தா உள்ளுக்கு ஒண்டும் விடாதேங்கோ. உடனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ" என்றார்.

நான் எழுந்து, "மிஸி, நாங்கள் எல்லாரும் உள்ளி எண்ணெய் விட்டுத்தானே வளர்ந்தனாங்கள்?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

"காது போனாக்கள் கூட்டத்துக்கு வந்து கதைக்கமாட்டினம், ஐயா" என்றார் அவர். அதற்கும் சிரித்தோம்.

சில மாதங்களின் பின் மகளுக்குத் தடிமனும் மூக்கடைப்புமாகக் காதுக்குள் குத்துவலி வந்தது. இடக் காதிலிருந்து சீழும் வடிந்தது. "மிஸி சொன்னவா எல்லே, ஆஸ்பத்திரிக்குப் போவம்" என்றாள் மனைவி. நான் கேட்கவில்லை. தேங்காயெண்ணெயில் உள்ளிப்பூண்டைப் போட்டுக் காய்ச்சி, இளஞ்சூட்டில் காதுக்குள் விட்டேன். குத்து நின்றது. சீழ் நிற்கவில்லை. எண்ணெயையும் நான் நிறுத்தவில்லை.

ஒருநாள் கடற்கரையில் குனிந்து, அந்தக் காதில் மெல்ல ஒரு பகிடி சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்து மற்றப் பக்கம் இழுத்தாள்.

"அப்பா, இந்தப் பக்கம் வந்து சொல்லுங்கோ."

செவிப்பறையில் ஓட்டை என்றார் டொக்டர். முதலே கொண்டுவந்திருந்தால் இவ்வளவுக்கு வந்திராதாம். சீழ் இப்போது நின்றுவிட்டது. கேட்கும் திறன் முழுதாகத் திரும்பவில்லை.

இன்று அயலில் எந்தப் பிள்ளைக்குக் காதுக்குள் குத்துவலி வந்தாலும், பெற்றோரையும் கூட்டிக்கொண்டு நானே ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். மகளோடு நடக்கும்போது அவளுடைய வலப்பக்கமாகவே நடக்கிறேன். பக்கம் மாறி வரும்படி அவள் இன்னொரு தடவை என்னிடம் கேட்கக் கூடாது.