குன்றிமணிக் கண்கள்

ஸ்ரீரங்கத்துப் பூங்கா ஒன்றில் ஞாயிறுதோறும் குழந்தைகளுக்கு இயற்கை நடை நடத்துகிறேன். பிள்ளையார் சதுர்த்திக்கு முந்தைய வாரம் களிமண் பிள்ளையார் செய்யச் சொல்லிக்கொடுத்து, கண்களுக்குக் குன்றிமணி கொடுத்தேன். அது விஷம் என்று சொல்ல மறந்துவிட்டேன்.

பூங்காவைப் பெருக்கும் செல்வி திடீரென விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடினார். பாலக்கரையிலிருந்து வந்திருந்த நான்கு வயதுச் சிறுமியின் வாயில் விரலை விட்டு, கடிபடாத குன்றிமணியை வெளியே எடுத்தார்.

“கடிச்சிருந்தா உசுருக்கே ஆபத்துங்க. சார் சொல்லலையா?” என்று சிறுமியின் அம்மாவிடம் கேட்டார்.

நான் முந்திக்கொண்டேன். “சொன்னேங்க. பாப்பாதான் கவனிக்கலை.”

அந்த அம்மா எல்லோர் முன்னாலும் குழந்தையை அடித்தார். செல்வி என்னையே பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர்கள் அப்புறம் வரவேயில்லை. பெயர்ப்பட்டியலில் அந்த அம்மாவின் கைபேசி எண் இருக்கிறது. பொய் சொன்ன வாய்க்கு உண்மை சொல்லத்தான் இன்னும் தைரியம் வரவில்லை.