நாலு த்ராட்டிலுக்கு ஒரு பௌர்ணமிப் பரீட்சை

எங்கள் காரில் நாலு த்ராட்டில் மாட்டப் போகிறேன் என்று நான் அறிவித்தபோது என் கணவர் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"இப்போ ஒண்ணு இருக்குதே, அதுக்கு இன்னா கேடு?" என்றார்.

கேடு ஒன்றும் இல்லை. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் திறந்து இன்ஜினுக்குள் காற்றை விடுகிற கதவுதான் த்ராட்டில். சாதாரணக் காரில் நாலு சிலிண்டருக்கும் சேர்த்து ஒரே கதவு. நாலு பேர் உள்ள வீட்டில் ஒரே குளியலறை இருப்பது போல. ஆளுக்கொரு கதவு வைத்துவிட்டால், மிதித்த கணமே இன்ஜின் பதில் சொல்லும். இதை நான் விளக்கி முடிப்பதற்குள் அவர் கை கழுவப் போய்விட்டார்.

திருவண்ணாமலையில் எனக்கு ஒரு லேத் பட்டறை இருக்கிறது. மோட்டார் ஷாஃப்ட், டிராக்டர் புஷ், கடலை உடைக்கும் மிஷினுக்கு ரோலர் என்று வருஷம் முழுக்க வேலை வரும். பொறியியல் படித்து இத்தனை வருஷமாக நான்தான் நடத்துகிறேன். இன்னமும் வாசலில் நின்று "ஓனர் இல்லீங்களா?" என்று என்னிடமே கேட்பார்கள். "நான்தான்" என்று சொல்லும்போது என் குரல் கொஞ்சம் ஏறிவிடும். கோபம் எனக்கு மூக்கு நுனியில். இத்தனை சாமான்கள் செய்தேனே, எல்லாம் அடுத்தவர் கேட்டது. எனக்காக, என் ஆசைக்காக ஒன்றே ஒன்று செய்ய வேண்டும் என்று உள்ளுக்குள் பறந்துகொண்டிருந்தேன்.

இரண்டு கடை தள்ளி பாயின் கார் ஒர்க்‌ஷாப். அவர்கள் குடும்பம் தலைமுறை தலைமுறையாக இந்த ஊர்தான். பாய் தன் சொந்தக் காருக்கு டர்போ மாட்டியவர், அதனால் என் திட்டத்தைக் கேட்டதும் சிரித்தார்.

"டர்போல காத்தை நாமளே உள்ள தள்ளுறோம்க்கா. நீங்க இன்ஜினைப் பாத்து, நீயே இழுத்துக்கோனு சொல்றீங்க. ஓடுறப்ப புலி மாதிரி ஓடும். நிக்கிறப்பதான் தகராறு."

அது உண்மை. ஐட்லிங்கில், அதாவது வண்டி ஒரே இடத்தில் நின்று உறுமும்போது, நாலு கதவும் ஒரு மயிரிழை அளவுக்குத்தான் திறந்திருக்கும். நாலு இழையும் ஒன்றுபோல இல்லாவிட்டால் இன்ஜின் இருமி இருமி அணைந்துவிடும். "உங்களுது ஐட்லிங்ல ஒழுங்கா ஓடுச்சுனா, என் டர்போவுக்கும் நாலு மாட்டுறேன்" என்று பாய் சவால் விட்டார். டர்போவில் த்ராட்டில்களின் வாய்களைத் திறந்து விட முடியாது. தள்ளி வரும் காற்று தப்பிக்காமல் நாலுக்கும் மேலே இறுக்கமாக ஒரு பெட்டி வேண்டும். அந்தப் பெட்டியும் நான்தான் செய்து தர வேண்டுமாம்.

என் கணவருக்கும் அந்த 'நிற்கிற தகராறு'தான் கவலை. வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸுக்கு அவர் தினமும் அந்தக் காரில்தான் போய் வருகிறார். எங்களுடைய முந்தைய கார் ஒரு பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்துக்கு நடுவே நின்றுபோய், வெறுங்காலோடு நடந்து வந்த பக்தர்கள் "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்று கோஷம் போட்டபடியே அதைத் தள்ளிவிட்டார்கள். எனக்கு அது வேடிக்கை. அவருக்கு இன்னும் ஆறாத அவமானம்.

"மாட்டிக்கோ" என்றார் கடைசியில். "ஆனா பௌர்ணமி கூட்டத்துல இன்ஜின் ஒரு தடவைகூட நிக்கக் கூடாது. நின்னுச்சுனா மறுநாளே பழசை மாட்டிடணும். அப்புறம் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

சரி என்று சொல்லிவிட்டேன்.

விபத்தில் நொறுங்கிய ஒரு பெரிய பைக்கின் த்ராட்டில்கள் சென்னையில் பழைய சாமான் கடையில் கிடைத்தன. பைக்கின் வாய்களுக்கு ஒரு இடைவெளி, கார் இன்ஜினின் துளைகளுக்கு வேறு இடைவெளி. அலுமினியத் தகடு வெட்டி, குழாய் கடைந்து இரண்டையும் சேர்க்கவே ஒரு மாதம் ஓடிவிட்டது. பாய் ஒயரிங்கையும், பெட்ரோல் அளவைச் சொல்லும் கம்ப்யூட்டரையும் பார்த்துக்கொண்டார்.

நாலு கதவையும் சமப்படுத்த, கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் கண்ணாடி ட்யூபை வாங்கி, நாலாக வெட்டி, அடிமுனைகளை ஒன்றாக இணைத்துத் தண்ணீர் நிரப்பி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒன்றாக மாட்டினேன். எந்த வாய் அதிகமாக இழுக்கிறதோ அந்த ட்யூபில் தண்ணீர் ஏறும். தெளிவாகத் தெரியட்டும் என்று கேசரிப் பவுடரைக் கலந்தது என் புத்திசாலித்தனம். ட்யூபைக் குட்டையாக வெட்டியதும் அதே புத்திசாலித்தனம்தான். ஸ்டார்ட் செய்த வேகத்தில் மூன்றாவது சிலிண்டர் தன் பங்கு முழுவதையும் ஒரே மூச்சில் உறிஞ்சிவிட்டது. சைலன்ஸரிலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது. நான் பாய்ந்து சாவியைத் திருப்பினேன்.

"இன்னாக்கா, இன்ஜினுக்குக் கேசரி ஊட்டுறீங்களா?" என்று பாய் தரையில் உட்கார்ந்து சிரித்தார். அன்று முழுக்க அவரிடம் நான் பேசவில்லை. மறுநாள் ட்யூபை ஆள் உயரத்துக்கு நீளமாக்கி ஏணியில் கட்டினேன். ஒவ்வொரு கதவின் திருகையும் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று திருப்பித் திருப்பி, நாலு மட்டமும் ஒரே கோட்டில் வந்து நின்றபோது பட்டறையில் குதித்தேன். வாய் விட்டுக் கத்தினேன் என்று பாய் சொல்கிறார். இருக்கலாம்.

பௌர்ணமியும் வந்தது. கீழ்பென்னாத்தூரில் ஒரு உறவினர் வீட்டு வளைகாப்புக்குப் போய்விட்டு மாலையில் திரும்பினோம். கணவர் ஓட்டினார், நான் பக்கத்தில். பாய் சாட்சிக்காக, காரின் கம்ப்யூட்டரோடு இணைத்த லேப்டாப்போடு பின்சீட்டில். திறந்த சாலையில் கார் பறந்தது. மிதிக்கும்போதெல்லாம் நாலு வாயும் சேர்ந்து காற்றை உறிஞ்சுகிற அந்தச் சத்தம் இருக்கிறதே, எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கணவரும் தேவையே இல்லாமல் இரண்டு தடவை மிதித்தார்.

ஊர் எல்லையில் பேருந்துகளும் வேன்களும் வரிசை கட்டி நின்றன. ஓரடி நகர்வோம், பத்து நிமிஷம் நிற்போம். இருபுறமும் மலையை நோக்கி ஜனங்கள் நடந்துகொண்டிருந்தார்கள். இன்ஜின் சூடு ஏறிக்கொண்டே போனது, ஆனால் ஐட்லிங் அசையவில்லை. இன்ஜின் வேகத்தைக் காட்டும் முள் அரை மணி நேரம் அப்படியே நட்டு வைத்ததுபோல நின்றது. நான் பெருமையில் உப்பிக்கொண்டிருந்தேன்.

"அக்கா" என்று பின்னாலிருந்து பாய் மெதுவாகக் கூப்பிட்டார். "மிதிக்கலைனா இங்க ஜீரோ காட்டணும், இல்ல? த்ராட்டில் ரெண்டு பர்சென்ட் தொறந்திருக்குதுனு காட்டுது. சார் கால் எங்க இருக்குது?"

குனிந்து பார்த்தேன். அவருடைய பெருவிரல் ஆக்ஸிலேட்டரின் மேல் பட்டும் படாமலும் அழுந்தியிருந்தது.

"எவ்வளவு நேரமா மிதிச்சுட்டிருக்கீங்க?"

அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். "ஜாஸ்தி இல்ல. கூட்டம் ஆரம்பிச்சதுலேர்ந்துதான்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "பரீட்சை வெச்சதும் நீங்க, பிட்டு குடுக்கிறதும் நீங்களா?"

"ரெண்டு மாசமா நீ சரியா சாப்பிடலை, தூங்கலை. இது நின்னு போயி நீ அழுறதைப் பாக்க என்னால ஆகாது" என்றார்.

கோபம் பாதியிலேயே நின்றுவிட்டது. ஆனாலும் அந்தக் காலின் தயவில் ஜெயிப்பது எனக்கு வேண்டாம். நின்றால் நிற்கட்டும். "காலை எடுங்க" என்றேன்.

நியூட்ரலில் போட்டு, கைப் பிரேக்கை இழுத்து, காலை எடுத்தார். முள் சரிந்தது. அதே நேரம் பார்த்து ரேடியேட்டர் ஃபேன் வேறு சுற்ற ஆரம்பிக்க, அந்தப் பாரத்தில் இன்னும் சரிந்தது. கார் ஒரு முறை உதறியது. நான் மூச்சு விடவில்லை. முள் கீழே போய், தயங்கி, மெல்ல மேலே வந்து நின்றது. அங்கேயே நின்றது.

"ஜீரோ" என்றார் பாய். "இப்ப ஜீரோதான் காட்டுது. பெட்டி எப்பக்கா செய்யலாம்?"

என் கணவர் சீட்டைப் பின்னால் தள்ளினார். இரண்டு காலையும் தூக்கி, பந்தியில் உட்காருவது போலச் சம்மணம் போட்டுக்கொண்டார். இன்ஜின் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நான் சிரித்தேன், அழுகையும் வந்தது, எது முதலில் வந்தது என்று தெரியவில்லை. முன்னால் இருந்த வேன் நகர்ந்துவிட்டது. பின்னால் பேருந்துக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. என் கணவரோ சம்மணம் கலையாமல் என் பக்கம் திரும்பினார்.

"ஜெயிச்சுட்ட இல்ல? இப்போ மிதிக்கலாமா?" என்று கேட்டார்.