வருகைப் பதிவேட்டைப் படித்த சுசீலா மேடம்

செவ்வாய்க்கிழமை காலை தேர்வு நுழைவுச்சீட்டுகளுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். மாணவர் நலப் பிரிவின் அலுவலக உதவியாளர் அமுதா வந்து வாசலிலேயே நின்றார். "சார், மேடம் வர மாட்டாங்க" என்றார். லீவா என்று கேட்டேன். அவர் அழத் தொடங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. எங்கள் மாணவர் நலப் பிரிவுக் கண்காணிப்பாளர் சுசீலா அம்மையார் அன்று விடியற்காலையில் மாரடைப்பால் காலமாகிவிட்டார். ஓய்வுபெற இன்னும் எட்டு மாதம் இருந்தது.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்களுடையது பழவேற்காடு ஏரிப் பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் படிக்கும் ஒரு சின்னப் பல்கலைக்கழகம். அதில் மாணவர் நலப் பிரிவு என்பது ஓர் அறையும் இரண்டு மேசையும்தான். உதவித்தொகை விண்ணப்பம், பஸ் பாஸ், எங்கே என்ன பயிற்சி கிடைக்கும் என்ற விவரம், வீட்டில் சொல்ல முடியாத கஷ்டம், எல்லாம் அந்த அறைக்குத்தான் வரும். நான் தேர்வுப் பிரிவு. என் வேலை மறுப்பது. நான் ஏன் மறுக்கிறேன் என்று கேட்பது மேடத்தின் வேலை. பன்னிரண்டு வருடம் இப்படியே ஓடியது.

திருப்பாலைவனத்தில் நெல் விவசாயக் குடும்பம் அவருடையது. எதைப் பார்த்தாலும் "அது இன்னாத்துக்கு அப்படி?" என்பார். ஒரு பேராசிரியர் மட்டும் ஏன் மாடிப்படியில் ஏறும்போது செருப்பைக் கழற்றுகிறார் என்று ஒரு மாதம் யோசித்து, கடைசியில் அவரிடமே போய்க் கேட்டவர். எனக்கு அப்போதெல்லாம் எரிச்சலாக வரும். இந்த அம்மாவுக்கு வேறு வேலையே இல்லையா என்று பலமுறை முணுமுணுத்திருக்கிறேன்.

ஒவ்வொரு பருவத்திலும் வருகை குறைந்தவர்கள் பட்டியலை நான் ஒட்டுவேன். ஒரு வருடம் மேடம் பதிவேட்டையே வாங்கிப்போய், மதியச் சாப்பாட்டு நேரத்தில் கதைப் புத்தகம் படிப்பதுபோலப் படித்தார். மூன்றாம் நாள் என் மேசைக்கு வந்தார்.

"சார், இங்க பாருங்க. பசியாவரத்துலேந்து மூணு பசங்க. ஒருத்தன் வராத நாள்ல மத்த ரெண்டு பேரும் வந்துக்கிறாங்க. ஒருநாள்கூட மூணு பேரும் சேர்ந்து ஆப்சென்ட் ஆவல. இது இன்னாத்துக்கு?"

"காய்ச்சல் மேடம். லெட்டர் இருக்கு."

"வரிசையில நின்னு வர்ற காய்ச்சலா சார்?"

மூன்று பேருக்கும் ஒரே பஸ் பாஸோ என்று சந்தேகப்பட்டார். கிரிக்கெட் பந்தயமோ என்று விசாரித்தார். மூவரில் மணிவண்ணன் இறுதி ஆண்டு விலங்கியல். அவனைக் கூப்பிட்டுக் கேட்டபோது தரையைப் பார்த்துக்கொண்டு "காய்ச்சல்தான் மேடம்" என்றான். அந்தப் பருவத்தின் முதல் மாதத்திலேயே அவனுக்கு ஏழு முறை காய்ச்சல். இது விளையாட்டாக விடக்கூடிய விஷயம் இல்லை. ஒரு கடல்நீர் ஆய்வுக்கூடம் எங்கள் மாணவர் ஒருவருக்குப் பயிற்சி இடம் தர முன்வந்து, அவனைத்தான் தேர்ந்தெடுத்திருந்தது. அந்த வருடமே பட்டம் முடிக்க வேண்டும் என்பது நிபந்தனை. வருகை குறைந்தால் தேர்வெழுத முடியாது. தேர்வெழுதாவிட்டால் அந்த இடமும் போய்விடும்.

அடுத்த சனிக்கிழமை மேடம் என்னையும் இழுத்துக்கொண்டு படகேறினார். ஏரிக்குள் இருக்கும் மீனவத் தீவான பசியாவரம் போய்ச் சேர்வதற்குள் படகுக்காரரைக் கேள்வி கேட்டே களைக்க வைத்துவிட்டார். மணிவண்ணனின் அப்பா ஏழுமலை, வீங்கிய முட்டியை நீட்டிக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தார்.

"ஏரி எல்லாத்துக்கும் பொது மேடம்" என்றார். "எல்லாரும் ஒரே எடத்துல வலை கட்டினா அடிதடிதான். அதான் சீட்டு போட்டு முறை வெச்சிக்கினோம். பாடுன்னு சொல்லுவோம். இன்னிக்கு இந்த வூட்டுப் பாடு, நாளைக்கு அடுத்த வூட்டுப் பாடு."

"அன்னிக்குப் போவலன்னா?"

"பாடு போச்சு. மறுபடியும் சுத்தி வர்ற வரைக்கும் குந்திக்கினு இருக்க வேண்டியதுதான். என் முட்டி இப்டி ஆனதுலேந்து இவன்தான் எறங்கறான்."

மேடம் மணிவண்ணன் பக்கம் திரும்பினார். "இத லெட்டர்ல எழுத வேண்டியதுதானேப்பா?"

"எழுதினேன் மேடம், மொத வருசம். இன்னாடா இதுன்னு கிழிச்சிட்டாங்க. காய்ச்சல்னா கையெழுத்து போடறாங்க."

கிழித்தது நான் அல்ல. ஆனால் என்னிடம் வந்திருந்தாலும் கிழித்துத்தான் இருப்பேன்.

திங்கட்கிழமை சண்டை தொடங்கியது. விதியில் இடமில்லை என்றேன். "பந்து விளையாடப் போனா வருகை குடுக்கறீங்க. வலை இழுக்கப் போனா இன்னாத்துக்குக் குடுக்கக் கூடாது?" என்றார். பதில் தேடி விதிப் புத்தகத்தை இரண்டு நாள் புரட்டினேன், கிடைக்கவில்லை. கடைசியில் துணைவேந்தர் ஒப்புக்கொண்டார். பாடு வரும் நாளின் வகுப்பைச் சனிக்கிழமை ஈடுகட்டினால் வருகை உண்டு. மேடம் ஊரிலிருந்து முறைப் பட்டியலை வாங்கி நாட்காட்டியில் வட்டம் போட்டார். செய்முறைத் தேர்வையும் அந்த வட்டங்களில் விழாத நாளாகப் பார்த்து வைக்கச் செய்தார்.

தேர்வு நாளன்று மணிவண்ணன் வரவில்லை. "பாத்தீங்களா மேடம்?" என்றேன். அதைச் சொன்னபோது எனக்குள் ஒரு சின்ன சந்தோஷம் இருந்தது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நடந்தது இதுதான். அந்த வாரம் ஊரில் ஒரு பெரியவர் இறந்திருக்கிறார். ஊரில் சாவு விழுந்தால் அன்று யாரும் ஏரியில் இறங்குவதில்லை. எல்லோருடைய முறையும் ஒருநாள் தள்ளிப்போகும். தள்ளிப்போனதில் மணிவண்ணன் வீட்டுப் பாடு தேர்வு நாளில் வந்து விழுந்துவிட்டது. மேடத்தின் ஊரில் வாய்க்கால் தண்ணீருக்கும் முறை உண்டு. ஆனால் புதன்கிழமை முறை என்றால் யார் செத்தாலும் அது புதன்கிழமைதான். எல்லா முறையும் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணிவிட்டார். ஆயிரம் கேள்வி கேட்ட அந்த அம்மா இந்த ஒன்றை மட்டும் கேட்கவில்லை.

மறுநாள் தனியாகவே பசியாவரம் போயிருக்கிறார். திரும்பி வந்து துணைவேந்தர் அறை வாசலில் உட்கார்ந்தவர், மறுதேர்வுக்கு உத்தரவு வாங்கும்வரை எழுந்திருக்கவில்லை. "தப்பு அந்தப் பையனுது இல்ல சார், என்னுது. எழுதிக் குடுக்கவா?" என்று துணைவேந்தரிடம் கேட்டார். எழுதியும் கொடுத்தார். அந்த உத்தரவைத் தட்டச்சு செய்தவன் நான். மணிவண்ணன் தேர்ச்சி பெற்று ஆய்வுக்கூடத்துக்குப் போனான்.

புதன்கிழமை திருப்பாலைவனத்தில் அவரை வழியனுப்பினோம். பேருந்துகளில் மாணவர்கள் வந்து இறங்கிக்கொண்டே இருந்தார்கள். வெயிலில், உறவினர் கூட்டத்துக்குப் பின்னால், மணிவண்ணனும் அவன் தம்பியும் நின்றார்கள். இருவருக்கும் நடுவில் கைத்தடியோடு ஏழுமலை. உட்காரச் சொல்லி நாற்காலி கொண்டுபோனேன். அவர் மறுத்துவிட்டார்.

"இன்னிக்கு எங்க பாடு சார்" என்றான் மணிவண்ணன் மெதுவாக. "இப்ப தம்பிதான் எறங்கறான். நைனா வேணாம்னுட்டாரு."

மேடம் அந்த ஊர்க்காரர் அல்ல. அதனால் ஏரியில் அன்று எதுவும் நிற்கவில்லை, யாருடைய முறையும் தள்ளிப்போகவில்லை. அந்த வீட்டுப் பாடு போனது போனதுதான். நான் ஏழுமலையைப் பார்த்தேன்.

"போவட்டும் சார்" என்றார். "அந்தம்மா எங்க வூட்டு வாசல்ல வந்து நின்னுக்கினு, தப்பு என்னுதுங்கன்னு சொன்னாங்க. படிச்சவங்க யாரும் எங்ககிட்ட அப்டி சொன்னதில்ல."

உடல் தெருமுனையைத் தாண்டும்வரை அவர் நின்றுகொண்டேதான் இருந்தார். நானும் பக்கத்தில் நின்றேன்.

சென்று வாருங்கள் மேடம். உங்களோடு சண்டை போடாத முதல் வாரம் இது. எனக்குப் பிடிக்கவில்லை.