பாகூர் வானத்திலிருந்து வாத்து தேடிய காலை

எனக்கு வெள்ளெழுத்து. டிரோன் வாங்கிய புதிதில் போனை ரிமோட்டில் மாட்டித்தான் பறக்கவிட்டேன். கண்ணாடி போட்டால் திரை தெரியும், வானம் தெரியாது. கழற்றினால் வானம் தெரியும், திரை தெரியாது. தென்னை மரமும் கரண்ட் கம்பமும் ஒன்றாகவே தெரிந்தன. ஆறு மாதம் இப்படி அல்லாடிவிட்டு, வீட்டில் சும்மா கிடந்த எட்டு அங்குல டேப்லெட்டை மாட்டிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். அதற்காகவே பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை பாகூர் கிளம்பினேன். அந்தச் சமயத்தில் அங்கே சம்பா அறுவடை முடிந்திருக்கும். சில கழனிகளில் தண்ணீர் மட்டும் நிற்கும், சிலவற்றில் அடுத்த போகமான நவரைப் பயிர் பச்சை பிடித்திருக்கும். மேலிருந்து அதைப் பெரிய திரையில் பார்க்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை.

புதுச்சேரி பேருந்து நிலையத்தில் காலை 5.50க்கு டவுன் பஸ். இருபது கிலோமீட்டர், இருபத்திரண்டு ரூபாய், ஐம்பது நிமிடம். வெளியே பனி. கரும்புத் தோட்டங்கள் பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் வந்து போயின. பாகூரில் டீ குடித்துவிட்டு, ஆட்டோவில் இரண்டு கிலோமீட்டர் போய் ஏரிக்கரையில் இறங்கினேன். எண்பது ரூபாய். கல்யாண வீடியோவா என்று ஆட்டோக்காரர் விசாரித்தார். சும்மா பார்க்கத்தான் என்றேன். சும்மா பார்ப்பதற்கு இவ்வளவு மூட்டையா என்பதுபோல் என் பையைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்.

ஏரியில் பறவைகள் இருந்தன. அவற்றின் தலைக்கு மேல் போய் இரைச்சல் போடுவது அராஜகம். அதனால் ஏரிக்கு முதுகைக் காட்டி, கழனிப் பக்கம் பார்த்து கரைச் சரிவில் உட்கார்ந்தேன். 7.15க்கு டிரோன் எழும்பியது. திரையில் என்ன தெரிந்தது என்கிறீர்கள்? என் முகம். வெயில் ஏறிவிட்டால் டேப்லெட் என்பது ஒரு விலை உயர்ந்த முகம் பார்க்கும் கண்ணாடி, அவ்வளவுதான். வேறு வழியில்லாமல் துப்பட்டாவைத் தலையோடு இழுத்து டேப்லெட்டையும் சேர்த்து மூடிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான் கரையில் இல்லை. நாற்பது மீட்டர் உயரத்தில், சத்தமே இல்லாத ஓர் இடத்தில் இருந்தேன். தண்ணீர் நின்ற கழனிகளில் வானம் அப்படியே விழுந்து கிடந்தது. ஒரு வரப்பைத் தாண்டும்போது மேகம், அடுத்த வரப்பைத் தாண்டும்போது பயிர். டிரோனின் நிழல் நெல்தாள்களின் மேல் ஈ மாதிரி நகர்ந்தது. போன் திரையில் இதையெல்லாம் நான் பார்த்ததே இல்லை. சொல்லக் கூச்சமாக இருக்கிறது, கண் கலங்கிவிட்டது.

யாரோ துப்பட்டாவைத் தூக்கினார்கள்.

முப்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண். கையில் போன், முழங்கால் வரை சேறு. பெயர் அஞ்சலை, மடுகரைப் பக்கம். அவளும் கணவர் ஏழுமலையும் அறுநூறு வாத்து வைத்து, அறுத்த கழனிகளில் ஊர் ஊராக மேய்க்கிறார்கள். காலையில் வலைப் பட்டியைத் திறந்துவிட்டு ஏழுமலை டீ குடிக்கப் போயிருக்கிறார். திரும்பி வந்து பார்த்தால் பாதிக் கூட்டம் வாய்க்காலோடு எங்கோ போய்விட்டது. நேற்று மாலை அந்தப் பக்கம் யாரோ ஒரு கழனிக்கு மருந்து அடித்திருக்கிறார்கள். அந்தத் தண்ணீரில் வாத்து இறங்கினால் சாயங்காலத்துக்குள் முந்நூறும் செத்து மிதக்கும். இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, போனில் கணவரை இன்னொரு தடவை திட்டிவிட்டு, என்னைக் கேட்டாள்.

"யக்கா, அதுல எங்க வாத்து தெரியுமா?"

உள்ளே வரச் சொன்னேன். ஒரு துப்பட்டாவுக்குள் இரண்டு தலை. போனாக இருந்திருந்தால் இது நடந்திருக்காது. நான் திரையில் வாத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை. அவர்கள் வாத்தெல்லாம் பழுப்பு நிறம், சேறும் அதே நிறம். வாய்க்கால் ஓரமாக டிரோனை நகர்த்திக்கொண்டே, ஒன்றும் தெரியவில்லையே என்றேன்.

"வாத்த தேடாதக்கா. தண்ணியப் பாரு. எது கலங்கியிருக்குதோ அங்க கீது."

அப்படிப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. கண்ணாடியாக நின்ற மூன்று கழனிகளில் காபி நிறத்தில் ஒரு கோடு வளைந்து வளைந்து போயிருந்தது. கோட்டின் முனையில் சேறு தானாகவே ஊர்ந்துகொண்டிருந்தது. அஞ்சலை அந்த இடத்தில் விரலை வைத்தாள். உடனே படம் வெளுத்துப் போய்விட்டது, விரல் பட்ட இடத்துக்குத் தக்கபடி கேமரா வெளிச்சத்தை மாற்றிவிட்டது. தொடாதே என்று பதறினேன். கீழே கிடந்த ஒரு வைக்கோலை எடுத்துக்கொண்டாள். வைக்கோல் தொட்டால் டேப்லெட்டுக்குத் தெரியாது. வாத்து இருக்கும் இடத்தைப் போனில் கணவருக்குச் சொன்னாள். அதற்குப் பிறகு எனக்கு வைக்கோலால்தான் வழி காட்டினாள்.

அடுத்து நான் செய்ததுதான் முட்டாள்தனம். அவளுக்குக் கிட்டத்தில் காட்ட வேண்டும் என்ற ஆசையில் டிரோனை எட்டு மீட்டருக்கு இறக்கினேன். முந்நூறு வாத்தும் கழுத்தை நீட்டிக்கொண்டு ஓடின. அவை ஓடிய பக்கம் நல்ல பச்சையாக ஒரு கழனி இருந்தது.

"அதான் மருந்தடிச்சது" என்றாள்.

டிரோனை அப்படியே நிறுத்தினேன். அழகு பார்க்க வந்தவள் ஒரு குடும்பத்தின் பிழைப்பை விரட்டிவிட்டேனே. அஞ்சலை என்னைத் திட்டவில்லை. துப்பட்டாவை விலக்கி, வந்தபோதே பக்கத்தில் நட்டு வைத்திருந்த தன் மூங்கில் கம்பைக் காட்டினாள். நுனியில் ஒரு பிளாஸ்டிக் பை கட்டியிருந்தது. அந்தப் பை எங்கே ஆடுகிறதோ, வாத்து அதற்கு எதிர்ப்பக்கம் போகுமாம்.

"உன்னுத கம்பு மாரி வெச்சிக்கக்கா. அதுங்களுக்கு முன்னால போயி நில்லு. தொரத்தாத, நில்லு."

வைக்கோல் காட்டிய வரப்பின் மேல் கொண்டுபோய் நிறுத்தினேன். கூட்டம் தயங்கியது. இடது ஓரமாகச் சில நழுவப் பார்த்தன. வைக்கோல் இடது பக்கம் போனது, நானும் போனேன். கூட்டம் அப்படியே மடங்கித் திரும்பியது. ஒரு போர்வையை மெதுவாக உதறுவதுபோல் அது அசைந்ததைப் பார்க்கையில், பயத்தின் நடுவிலும் மயக்கமாக இருந்தது.

பேட்டரி 24 சதவீதத்தில், புறப்பட்ட இடத்துக்குத் திரும்பவா என்று டேப்லெட் கேட்டது. இப்போது நகர்ந்தால் வாத்து பச்சைக்குள் போய்விடும். வேண்டாம் என்று அழுத்தினேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கேட்டது, மறுபடியும் வேண்டாம். 11 சதவீதம் ஆனபோது திரையின் மேல் ஓரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, கம்பைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் வரப்பில் ஓடி வந்தார். அத்தனை பெரிய வெளியில் அவர் ஒருவர்தான் ஆள்.

அஞ்சலை திரைக்கு இன்னும் கிட்டே குனிந்தாள். பிறகு போனை எடுத்தாள். இன்னொரு வசைக்கு நான் தயாரானேன்.

"யோவ், மெதுவா போய்யா. வரப்பு வழுக்கும்."

வெள்ளைப் புள்ளி நின்று, சுற்றிச் சுற்றிப் பார்த்தது. அவள் எங்கிருந்து பார்க்கிறாள் என்று அவருக்குப் புரிந்திருக்காது. அவர் கம்பு வரப்பின் மேல் ஆடத் தொடங்கியதும் டிரோனுக்குச் சக்தி தீர்ந்தது. தானாக இறங்கியது. கடைசியாகத் தெரிந்தது வாத்துகளின் முதுகு, பிறகு தண்ணீர், பிறகு வெறும் சாம்பல் நிறம்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ரிமோட்டோடு வரும் பிடியில் டேப்லெட் நுழையாது, தனிக் கவ்வி வாங்க வேண்டும். கூட வரும் வயரும் எட்டாது, முப்பது சென்டிமீட்டர் வயர் போதும். கழுத்துப் பட்டை இல்லாமல் அந்தக் கனத்தைப் பத்து நிமிடத்துக்கு மேல் பிடிக்க முடியாது. சிம் போடாத டேப்லெட்டாக இருந்தால் வரைபடத்தை வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள், எனக்கு அங்கே வெறும் கட்டம்தான் தெரிந்தது. துப்பட்டாவுக்குள் இருபது நிமிடம் வைத்தால் டேப்லெட் சூடேறித் திரை மங்கும். ஒன்பது மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. 250 கிராமுக்குக் குறைவான டிரோன் என்றாலும், அந்த இடத்தில் பறக்க அனுமதி உண்டா என்று அரசின் வரைபடத்தில் பார்த்துவிட்டே கிளம்புங்கள். வில்லியனூர் பக்கம் ஊசுடு ஏரி சரணாலயம், அங்கே பையைத் திறக்கவே வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, கீழே உயிருள்ளது எது தெரிந்தாலும் இறக்காதீர்கள்.

டிரோன் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அரை மணி நேரம் கழித்து வாய்க்கால் வழியாக முந்நூறு வாத்தும் கத்திக்கொண்டே வந்தன. மருந்துக் கழனியில் ஒன்றுகூட இறங்கவில்லை. பின்னால் ஏழுமலை வந்தார். நீர் சொட்டும் டிரோனைத் துண்டில் சுற்றி, அடிபட்ட வாத்தைத் தூக்கி வருவதுபோல் கக்கத்தில் இடுக்கியிருந்தார். இப்படி ஒன்றை அவர் அதற்கு முன் தொட்டதே இல்லையாம். இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார்.

"தண்ணி நெறைய குடிச்சிருக்குதுங்க. தலகீயா புடிச்சி மெதுவா தட்டுங்க. செலது பொயச்சிக்கும்."

நான் அதைத் தலைகீழாகப் பிடித்து மெதுவாகத் தட்டினேன். மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.