பீரோவுக்குள் பேசிய நாலு நிமிஷம்

அந்துருண்டை வாசனை மூக்கில் ஏறினால் மற்றவர்களுக்குப் பட்டுச்சேலை ஞாபகம் வரலாம், யாருடைய கல்யாணமோ ஞாபகம் வரலாம். எனக்கு என் குரல்தான் ஞாபகம் வருகிறது. போன வாரம் ஒரு விசேஷத்துக்காகப் பீரோவைத் திறந்தேன். சேலையை எடுக்காமல் அப்படியே நின்றுவிட்டேன்.

நாற்பத்தேழு வயதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அந்தப் பீரோவின் இரண்டு கதவுகளையும் விரியத் திறந்து, தொங்கும் சேலைகளுக்குள் தலையை நுழைத்து, மடித்த ரவிக்கைகளின் மேல் செல்போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு பேசியவள் நான். துணிக்கு நடுவே பேசினால் வெளிச்சத்தம் வராது என்று ஏதோ வீடியோவில் சொல்லியிருந்தார்கள். எங்கள் வீடு கம்பத்திலிருந்து சுருளிப்பட்டி போகிற சாலையில் இருக்கிறது. திராட்சை ஏற்றும் வண்டி, டிராக்டர், அருவிக்குக் குளிக்கப் போகிறவர்களின் வேன், அந்த வேனுக்குள் அலறும் பாட்டு. சேலைகளுக்குள் தலையை விட்டதும் எல்லாம் நின்றது. பட்டும் அந்துருண்டையும் வேர்வையும் நானும் மட்டும். கருப்பைக்குள் திரும்பிப் போனதுபோல இருந்தது. அங்கே நாலு நிமிஷம் பேசினேன்.

வாய்ஸ் ஓவர் டெமோ என்று அதற்குப் பெயர். நம் குரல் எதற்கெல்லாம் பொருந்தும் என்று வேலை கொடுப்பவர்களுக்குக் காட்டும் மாதிரி. என்னுடையதில் நான்கு துண்டுகள்: ஏலக்காய் டீ விளம்பரம், ஒரு கதையின் முதல் பக்கம், பேருந்து நிலைய அறிவிப்பு, ஊசி போட்ட பிறகு என்ன செய்ய வேண்டும் என்று நோயாளிக்குச் சொல்லும் குறிப்பு. சென்னையில் ஒலிப்புத்தகம் போடும் ஒரு நிறுவனம் புதுக்குரல்களைக் கேட்டிருந்தது. சனிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். திங்கட்கிழமை எங்கள் பள்ளிக்கூடத்தில் அடுத்த வருஷமும் இருக்கிறோம் என்று கையெழுத்துப் போட வேண்டும். தனியார் பள்ளி. பதினெட்டு வருஷமாகச் சின்ன வகுப்புகளுக்குத் தமிழ். பதினெட்டு முறை அதே பாட்டு, அதே படம், அதே கேள்வி. இந்த வருஷம் கையெழுத்துப் போடக் கூடாது என்று எனக்குள் ஒருத்தி நடந்துகொண்டே இருந்தாள். சமையலறைக்கும் வாசலுக்கும், வாசலுக்கும் சமையலறைக்கும். டெமோ நன்றாக இருந்தால் அவள் ஜெயித்தாள். இல்லையென்றால் சாக்பீஸ்.

நன்றாக இருக்கிறது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்தபடி கேட்டுவிட்டு, "ரேடியோக்காரிக எல்லாம் ஓரமாப் போகணும்" என்றார். நாத்தனார் ஏழு கைதட்டல் அனுப்பினாள். சக ஆசிரியை ஒருத்தி உருகிவிட்டதாகச் சொன்னாள், அடுத்த வரியிலேயே பரீட்சைத்தாள் கட்டு எங்கே என்று கேட்டிருந்தாள். கல்யாண வாசலில் பன்னீர் தெளிப்பதுபோல எல்லோர் மேலும் ஒரே அளவில் விழுகிற பாராட்டு. உள்ளே நடந்துகொண்டிருந்தவளுக்கு அது போதவில்லை. அவளுக்கு ஒரே ஒரு நிஜமான வார்த்தை வேண்டும்.

எங்கள் பள்ளத்தாக்கில் ஒரு குரல் உண்டு. ஆட்டோவின் தலையில் கட்டிய கூம்பு ஸ்பீக்கரில் வரும். துணிக்கடைத் தள்ளுபடி, சொட்டு மருந்து, நாளை கரண்ட் இருக்காது, காணாமல் போன மாடு, எல்லாம் அந்தக் குரல்தான். முகம் யாருக்கும் தெரியாது. அடுப்படியில் குக்கர் விசிலடிக்கும்போதும் அது சொன்னது புரியும். கத்தாது. ஜன்னல் வழியாகக் கையை நீட்டி நம் தோளைத் தொட்டு, விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போய்விடும். வியாழக்கிழமை அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு அந்தக் குரலைத் தேடிப் போனேன்.

கம்பத்தில் ஒரு மைக்செட் கடையின் பின்னறை. சுற்றிலும் சீரியல் பல்புச் சுருள்கள், கவிழ்த்துப் போட்ட கூம்புகள், ஈயம் பற்றவைத்த வாசனை. முப்பது, முப்பத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் சின்னச் சிலுவை. எதிரே வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர், கையில் கண் சிகிச்சை முகாம் அறிவிப்பு எழுதிய இரண்டு பக்கத் தாள்.

"அண்ணே, இம்புட்டையும் நான் வாசிச்சா, தலைவரு பட்டம் முடியறதுக்குள்ள ஆட்டோ லோயர் கேம்பத் தாண்டிக் கேரளாவுக்குள்ள போயிரும். கண்ணு காட்ட வேண்டியவுக இங்கன நிப்பாக."

"பேரு வரலேன்னா தலைவரு சங்கடப்படுவாகம்மா."

"முகாம்ல அவுகளுக்கு ஒரு பெரிய மாலையாப் போடுங்க. கண்ணு மங்குன ஆத்தாளுக்கு எடமும் நேரமும் போதும்."

மொச்சைத் தட்டைக் கீழே வைத்தாள். கையைப் பாவாடையில் துடைப்பதுபோலச் சுடிதாரில் துடைத்தாள். மைக்கை இழுத்தாள். "லோயர் கேம்ப். நாளைக்குக் காலையில ஒம்பது மணி. லோயர் கேம்ப். கண்ணுல பொரை விழுந்தவுக, பார்வை மங்குனவுக, கூட ஒரு ஆளோட வாங்க." அவ்வளவுதான். கூட ஒரு ஆளோட என்பது அந்த இரண்டு பக்கத்தில் எங்கேயும் இல்லை. அவளே சேர்த்தது. பார்வை மங்கியவர் தனியாகப் பஸ் ஏறுவதை அந்த நொடியில் பார்த்திருக்கிறாள். எனக்குப் புல்லரித்தது.

வெள்ளைச் சட்டைக்காரர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். என் கழுத்தில் தொங்கிய பள்ளி அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு அவள், "வாங்க டீச்சர், ஆண்டு விழாவா?" என்றாள்.

இல்லை என்றேன். விஷயத்தைச் சொன்னேன்.

"கேட்டுட்டுச் சொல்றேன். சொன்னா என்ன செய்வீக?"

சனிக்கிழமை, திங்கட்கிழமை, இரண்டையும் சொன்னேன்.

"அப்ப இங்கன வச்சுக் கேக்கக் கூடாது. ரோட்டுல விடுவோம்."

"ரோட்டுலயா?"

"வீட்டு ஆளுக ஒங்க மூஞ்சியப் பாத்துச் சொல்லியிருப்பாக. நானும் மூஞ்சியப் பாத்துட்டேன். ரோட்டுக்குத்தான் மூஞ்சி தெரியாது."

இது காதில் மாட்டிக்கொண்டு கேட்கிற புத்தகத்துக்கான குரல் என்று முனகினேன். "தெரியும் டீச்சர். காதுல மாட்டுனவுகளும் பாத்திரம் வெளக்கிக்கிட்டோ பஸ்ஸுல தொங்கிக்கிட்டோதான் கேப்பாக" என்றாள். பிறகு என் செல்போனிலிருந்த டெமோவைப் பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்து, "அண்ணே, டீக்கடை வரைக்கும் போயிட்டுத் திரும்புங்க. மெதுவா" என்று ஆட்டோக்காரரிடம் சொன்னாள்.

ஆட்டோ போனதும் தன் கதையைச் சொன்னாள். முதன்முதலில் இந்த வேலைக்கு வந்தபோது ஒரு மாதம் ஆட்டோவுக்குப் பின்னாலேயே நடந்தாளாம். வீடு வீடாக, 'இப்பப் போச்சே, அது என்ன சொல்லுச்சு?' என்று கேட்பாளாம். சொட்டு மருந்து அறிவிப்பைக் கேட்டுவிட்டு ஒரு வீட்டில், எந்தக் கடையில தள்ளுபடி என்று கேட்டிருக்கிறார்கள். அன்றைக்கு ஓரமாக உட்கார்ந்து அழுதுவிட்டு மறுநாள் வேறு மாதிரி பேசினாளாம். ஞாயிற்றுக்கிழமை ஊர் மாதா கோயிலில் பைபிள் வாசகம் வாசித்தபோது கிடைத்த பாராட்டையெல்லாம் அந்த ஒரு வீடு கழுவி ஊற்றிவிட்டது என்று சொல்லிச் சிரித்தாள். தன் தோல்வியைப் பார்த்து இவ்வளவு சுத்தமாகச் சிரிக்கத் தெரிந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

சாலையோரம் நின்றோம். பக்கத்தில் தள்ளுவண்டியில் திராட்சை விற்கிற அம்மா. ஆட்டோ திரும்பி வந்தது. அதன் தலையிலிருந்து நான் வந்தேன். பீரோவுக்குள் அத்தனை அந்தரங்கமாக இருந்த குரல், வெயிலில், புழுதியில், லாரி ஹாரன்களுக்கு நடுவே, சேலையைச் சரிசெய்யக்கூட நேரமில்லாமல் தெருவுக்கு வந்துவிட்ட பெண்ணைப்போல வந்தது. ஓடிப்போய் நிறுத்திவிடலாமா என்றிருந்தது.

"காலையில் ஒரு வாய் தேநீர். அதில் மணப்பது நம் மலையின் ஏலக்…"

"காய்" என்றார் திராட்சைக்கார அம்மா. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தராசில் குலையை வைத்துக்கொண்டிருந்தார்.

"…காய்" என்றது ஸ்பீக்கர்.

எனக்கு இன்னும் புரியவில்லை. அடுத்தது கதை. "மழை விட்டது. மலையின் மேல் மெல்ல ஏறியது வெண்மே…"

"கம்." இந்த முறை திராட்சை வாங்கிக்கொண்டிருந்தவரும் சேர்ந்து சொன்னார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எதற்காகச் சொன்னோம் என்று அவர்களுக்கே தெரியவில்லை.

மைக்செட் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடைபாதையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். எனக்கு முகம் தீயாக எரிந்தது. ஆட்டோ நின்றது.

"கோவிச்சுக்காதீகக்கா." டீச்சர் போய் அக்கா வந்திருந்தது. "ஒவ்வொரு வரியிலயும் கடைசிக்கு முன்னால நிக்கிறீக. பிள்ளைக சொல்லட்டும்னு. இந்த ஆத்தா அஞ்சாப்பு தாண்டல, பாருங்க, இம்புட்டு வருசம் கழிச்சும் எந்திரிச்சு நின்னு பதில் சொல்லுது."

"நான் எப்ப எந்திரிச்சேன்?" என்றார் அந்த அம்மா. "அது கேட்டுச்சு, வாயில வந்துருச்சு. நல்ல டீச்சரு போல."

அந்த இடைவெளியை அதுவரை நான் கேட்டதே இல்லை. வீட்டுக்காரரும் கேட்கவில்லை. நாத்தனாரும், பள்ளிக்கூடமே சேர்ந்தும் கேட்கவில்லை. நாங்கள் எல்லோரும் வகுப்பறையில் வளர்ந்தவர்கள். ஆசிரியர் பாதிச் சொல்லை நீட்டினால் மீதியை ஐம்பது வாய்கள் சேர்ந்து முடிக்கும். பதினெட்டு வருஷமாக நான் எந்த வாக்கியத்தையும் தனியாக முடித்ததில்லை. பீரோவுக்குள், சேலைகளுக்கு முன்னால் நின்றுகூட அந்த ஐம்பது வாய்களுக்காகக் காத்திருந்திருக்கிறேன்.

கடைக்குள் போய் மறுபடி கேட்டாள். இப்போது ஹெட்செட்டில், கண்ணை மூடிக்கொண்டு, நாலு நிமிஷமும். மொச்சையைத் தொடவில்லை. என் பொருட்டு ஒருவர் இவ்வளவு முழுசாகக் கேட்டு எத்தனை காலமாயிற்று என்று நினைத்தேன்.

"சேலைக்குள்ள தலைய விட்டுப் பேசுனீகளா?"

"எப்படித் தெரியும்?"

"குரலு போர்வைக்குள்ள இருக்கு. மேல் சத்தத்தோட கூர்மை பூராம் துணி குடிச்சிருச்சு. அது சின்ன விசயம், ரெண்டடி தள்ளி நின்னாச் சரியாயிரும்." விரலை மடக்கினாள். "டீயும் கதையும் பாடம் நடத்துது. பஸ் அறிவிப்பு இன்னும் மோசம், தேனி பஸ் எதுன்னு கேள்வி கேக்குற மாதிரி இருக்கு, ஏறுறவன் பயந்துபோவான். ஆனா அந்த ஊசி சமாச்சாரம் இருக்கு பாருங்க, அதுல நிக்கவே இல்ல. அது ஏன்?"

யோசித்தேன். அதைப் பேசும்போது அடுப்பில் பால் வைத்திருந்தேன், பொங்கிவிடுமே என்று அவசரமாக முடித்தேன் என்றேன்.

"அதான். பாலு பொங்குறப்ப யாரும் பாடம் எடுக்க மாட்டாக." இந்த முறை சிரிக்கவில்லை. "அதுல ஒங்க குரலு அருமையா இருக்குக்கா. மெய்யாச் சொல்றேன். ஆனா முப்பது செகண்டுதான். மிச்சத்த வச்சு வேலைய விட்டுறாதீக. காதுல மாட்டிக் கேக்குறவுக பதில் சொல்ல மாட்டாக. பதிலே வராத எடத்துல பேசிப் பழகணும். எனக்கே மூணு வருசமாச்சு."

"அப்ப திங்கக்கிழம கையெழுத்துப் போட்டுரட்டுமா?"

"அது எனக்குத் தெரியாதுக்கா. டெமோவப் பத்தித்தான கேட்டீக."

இந்த இடத்தில்தான் அவளை நான் மிகவும் மதித்தேன். இன்றும் மதிக்கிறேன். என் நாலு நிமிஷத்தைப் பிரித்துப்போட்டு, இது சொத்தை, இது நல்லது என்று மொச்சை பொறுக்குவதுபோலப் பொறுக்கிக் கொடுத்தவள், என் வாழ்க்கையின் பக்கம் ஒரு விரலைக்கூட நீட்டவில்லை. புத்தி சொல்லச் சுலபமான நேரம் அது. நானே கேட்டேன். அவள் சொல்லவில்லை.

எனக்குள் நடந்துகொண்டிருந்தவள் நின்றிருந்தாள். தோற்றுப்போய் நின்றதுபோலவும் இருந்தது, கால் வலித்து நின்றதுபோலவும் இருந்தது. திராட்சைக்கார அம்மாவின் அந்தக் 'காய்' காதிலேயே இருந்தது. என் ஐம்பது வாய்களும் அப்படித்தான் என் சொல்லை வாங்கி முடிக்கின்றன. அதை விட்டுப் போக நான் இன்னும் தயாராக இல்லை என்பதுதான் அந்த இடைவெளி சொன்னது. எனக்கு முன்னால் என் குரலுக்கு அது தெரிந்திருக்கிறது.

காசு ஏதும் வேண்டாம் என்றுவிட்டு, பஸ் ஏற்றிவிட அவளும் கூட வந்தாள். நிறுத்தத்தில் நின்றபடி, சென்னை நிறுவனத்துக்கு அனுப்ப வைத்திருந்த மின்னஞ்சலிலிருந்து டெமோவை எடுத்துவிட்டேன். அவள் பார்த்தாள்.

"இந்த ஒரு வருசம் பள்ளிக்கூடத்துல இருக்கேன்" என்றேன். "அதுக்குள்ள முப்பது செகண்ட நாலு நிமிஷம் ஆக்கிக் கொண்டாரேன். அப்பயும் ரோட்டுல விடுவியா?"

"விடுவேன். சரியில்லேன்னா அப்பயும் சிரிப்பேன்."

சுருளிப்பட்டிப் பஸ் வந்தது. படியில் கால் வைக்கும்போது புறங்கையால் கண்ணைத் துடைத்தேன். அவளுக்குத் தெரிந்துவிட்டது. பஸ் நகர ஜன்னலோடு நாலு எட்டு நடந்து வந்தாள்.

"அழுகை வந்தா அழுதுருங்கக்கா. அழுதுட்டு வெந்நி குடிங்க, இல்லேன்னா தொண்டை கட்டிக்கிரும்."